படப்பு இல்லாத ஊரில் பசு

தேனி அல்லிநகரத்தில் மாடு வைத்திருப்பவரைப் பார்த்தால் யாரும் முதலில் கேட்பது, "கட்டுபடியாகுதா?" என்பதுதான். எத்தனையாவது ஈத்து, கிடேரியா காளங்கன்னா என்பதெல்லாம் அப்புறம். என் அம்மாச்சி மாடு வைத்திருந்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட நினைவில்லை. "எவ்வளவு கறக்குது?", "சினை நின்னுருச்சா?" என்றுதான் வாசலோடு போகிறவர்கள் கேட்டார்கள். இந்த மாற்றத்துக்குக் காரணமாகப் பால் விலையைத்தான் எல்லாரும் சொல்கிறோம். விலையும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் களத்துமேட்டிலும் கண்மாய்க்கரையிலும் கிடக்கிறது என்று நான் நினைக்கிறேன். வீட்டில் ஒன்றிரண்டு மாடு கட்டிப் பிழைப்பது இனி நடக்குமா என்று பலரும் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவை எல்லாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு ஜெர்சி கலப்பு மாடு, ரெண்டாம் ஈத்து, 300 நாள் கறவை, நாளுக்குச் சராசரி 8 லிட்டர். இது நன்றாகக் கறக்கிற மாடு. வீட்டுக்கு ஒரு லிட்டர் போக 7 லிட்டர் பால்பண்ணைக்குப் போகிறது. எங்கள் பக்கம் கூட்டுறவுச் சங்கத்தைப் பால்பண்ணை என்றுதான் சொல்வோம். ஆவின் கொள்முதல் விலை 2014 நவம்பரில் லிட்டருக்கு 28 ரூபாய் ஆனது. 2019 ஆகஸ்டில் 32, 2022 நவம்பரில் 35, 2023 டிசம்பரில் 38. ஒன்பது வருஷத்தில் பத்து ரூபாய் ஏறியிருக்கிறது. அந்த 38 முழுசாகக் கிடைத்தால் நாளுக்கு 266 ரூபாய் வரவு.

செலவுக்கு வருவோம். உடம்பைக் காக்க 2 கிலோ, கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம் என்று கலப்புத் தீவனம் வைக்கச் சொல்வார்கள். 8 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளுக்குச் சுமாராக 5 கிலோ. கிலோ 28 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 140 ரூபாய். வைக்கோல் 4 கிலோவை எட்டு ரூபாய் விலையில் வாங்கினால் 32 ரூபாய். பசும்புல் 20 கிலோ, கிலோ மூன்று ரூபாய் என்றால் 60. ஆக 232 ரூபாய். மிச்சம் 34 ரூபாயும் வீட்டுக்கு எடுத்த ஒரு லிட்டர் பாலும். மாடு வருஷம் முழுக்கக் கறக்காது. ஓர் ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் இடையே 14 மாதம் என்று வைத்தால் 120 நாள் வற்றிக் கிடக்கும். அந்த நாட்களில் தீவனத்தை 2 கிலோவாகக் குறைத்தாலும் நாளுக்கு 148 ரூபாய் தின்னும். கறவை நாளின் மொத்த மிச்சம் 10,200 ரூபாய். வற்றிய நாளின் செலவு 17,760. எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிப் போடுகிற வீட்டுக்கு 14 மாதத்தில் ஏழாயிரத்துக்கு மேல் கைநட்டம். இதில் கைவேலைக்குக் கூலியே போடவில்லை.

அதே மாடு, அதே பால், அதே விலை. வைக்கோலும் புல்லும் மட்டும் சொந்தத்தில் கிடைக்கிறது என்று வைத்துப் பார்ப்போம். கறவை நாளில் 126 ரூபாய் மிஞ்சும். 300 நாளுக்கு 37,800. வற்றிய நாட்களின் தீவனச் செலவு 6,720 போனாலும் 31,080 ரூபாய் கையில் நிற்கும். மாதத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு. வீட்டுக்கு எடுத்த 300 லிட்டர் பாலும் பிள்ளைகள் வயிற்றுக்குப் போயிருக்கும். ஒரு மாடு நட்டமா லாபமா என்பதைத் தீர்மானிப்பது இந்த வைக்கோலும் புல்லும்தான். இவற்றை ஒரு காலத்தில் யாரும் விலை போட்டுப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து அல்லிநகரத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். மேற்கே மலையடிவாரத்தில் வீரப்ப ஐயனார் கோயில். அங்கிருந்து ஊர் வரைக்கும் தோட்டமும் புஞ்சையும். தெற்கே கொட்டக்குடி ஆறு. பக்கத்தில் மீறுசமுத்திரம் கண்மாய். ஆற்றைத் தாண்டினால் பழனிசெட்டிபட்டி வயல்கள். 1895-இல் பெரியாறு அணையின் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்குள் வந்த பிறகு, லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலமாகக் கணக்கில் நிற்கிறது. இருபோக நெல் என்றால் வருஷத்துக்கு இரண்டு தடவை வைக்கோல். அறுப்புக்குப் போகிறவர்களுக்கு நெல்லோடு வைக்கோலும் கூலியாக வரும். வீட்டுக் கொல்லையில் அதை அடுக்கிப் படப்பு போட்டுவிட்டால் அடுத்த அறுப்பு வரைக்கும் கவலையில்லை. கண்மாய் வற்றியதும் உள்ளே புல் தளிர்க்கும். கரையில் மாட்டைக் கட்டிவிட்டு வரலாம். வாய்க்கால் ஓரத்தில் ஒரு கட்டுப் புல் அறுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

1996-இல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டம் ஆனது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, பள்ளிகளும் மருத்துவமனைகளும் வந்தன, புறவழிச்சாலை வந்தது. ஊர் வளர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. என் தங்கை மகள் படித்ததும் அதனால்தான். ஆனால் அல்லிநகரம் இன்று தேனி-அல்லிநகரம் நகராட்சியின் பாதிப் பெயர் மட்டும்தான், மாடு மேய்ந்த புஞ்சை மனையடிக்கு வந்துவிட்டது. கொல்லை இருந்த வீடுகளில் அண்ணன் தம்பி பாகம் பிரித்ததும் படப்பு இருந்த இடத்தில் இன்னொரு வீடு எழும்பியது. இன்று மாடு வைத்திருக்கிற வீடுகளில் மாட்டுக்கொட்டம் இருக்கிறது, படப்பு இல்லை. இருபது கட்டு வைக்கோலை மாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார்கள். தீர்ந்ததும் வாங்குவார்கள். மொத்தமாக மாசியில் வாங்கினால் கிடைக்கிற விலை, சித்திரையில் பத்துப் பத்துக் கட்டாக வாங்குகிறவருக்குக் கிடைக்காது.

வைக்கோலும் பழைய வைக்கோல் இல்லை. கையால் அறுத்துக் களத்தில் அடித்த தாள் நீளமாக, முழுசாக வரும். இப்போது அறுவடை மெஷின் வயலிலேயே நெல்லைப் பிரித்துத் தாளை நொறுக்கிப் போட்டுவிடுகிறது. பின்னாலேயே கட்டுப் போடும் மெஷின் வந்து உருட்டிக் கட்டுகிறது. முதல் போக அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால் அந்தக் கட்டுக்குள் பூசணம் பிடிக்கும். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். நல்ல வைக்கோலை வயலிலேயே பேசி ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் லாரிகள் கேரளம் போகின்றன. அங்கேயும் மாடு இருக்கிறது, வைக்கோல் இல்லை. விற்கிற சம்சாரியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் வயலுக்கு ஐந்து மைல் தள்ளி இருக்கிற ஒற்றை மாட்டுக்காரி, லாரியோடு போட்டி போட்டு வைக்கோல் வாங்க வேண்டியிருக்கிறது.

பால்பண்ணை வாசலுக்கு வருவோம். அங்கேதான் இந்த வைக்கோல் பஞ்சம் ஒரு எண்ணாக விழுகிறது. பாலுக்கு விலை அளவை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான திடச்சத்து எவ்வளவு என்று பார்த்துப் போடுகிறார்கள். அந்தத் திடச்சத்தைத்தான் எல்லாரும் எஸ்.என்.எஃப். என்கிறார்கள். பசும்பாலில் கொழுப்பு 3.2 சதவீதமும் எஸ்.என்.எஃப். 8.3 சதவீதமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கொள்முதல் விலை முழுசாகக் கிடைக்க அதைவிடக் கூடுதல் கொழுப்பு வேண்டும். குறையக் குறைய விலையும் இறங்கும். 38 இருக்க வேண்டிய இடத்தில் 34 விழுந்தால் நாளுக்கு 28 ரூபாய் போச்சு. 300 நாளுக்கு 8,400. வைக்கோலும் புல்லும் சொந்தத்தில் கிடைக்கிற கணக்கில்கூட மிச்சத்தில் கால் பங்குக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும்.

"என்னக்கா, இன்னைக்குக் கொழுப்பு மூணு புள்ளி நாலுதான் நிக்கிது?" என்று கேட்கிறார் பால் பார்க்கிற தம்பி. "கன்னு குடிச்சது போகத்தான தம்பி கறக்க முடியும்" என்கிறாள் எங்கள் தெருப் பெண் ஒருத்தி. இந்தப் பேச்சைப் பல வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரே வேளையில் கறக்கிற பாலிலும் முதல் பீச்சலும் கடைசிப் பீச்சலும் ஒன்றில்லை. முதலில் வருவது தண்ணீராக இருக்கும். அதில் கொழுப்பு ஒன்று, ஒன்றரை சதவீதம்தான். மடி ஒட்ட ஒட்டக் கொழுப்பு ஏறி, கடைசியில் வருவது ஏழு எட்டு சதவீதம் வரைக்கும் இருக்கும். கன்றை முதலில் ஊட்டவிட்டு, சுரப்பு விட்டதும் இழுத்துக் கட்டி, கறந்து முடித்துக் கடைசிப் பாலுக்குக் கன்றை மறுபடி விடுவது எங்கள் வழக்கம். அதாவது மாட்டின் பாலிலேயே கெட்டியானதைக் கன்றுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பண்ணையில் ஊற்றுகிறோம். கன்று திடமாக வளரும். ரீடிங் இறங்கும். இரண்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. கன்றுக்கு ஒரு காம்பை முழுசாக ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் ஒட்டக் கறப்பது. அம்மாச்சி அப்படித்தான் செய்தாள். அவளுக்குக் கொழுப்புச் சதவீதம் தெரியாது, மோரில் வெண்ணெய் திரளுவதை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

இன்னும் சில நுணுக்கங்களை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. லாக்டோமீட்டர் 28 காட்டினால் அந்தப் பால் தண்ணீரைப் போல 1.028 மடங்கு கனம் என்று பொருள். தண்ணீர் கலந்தால் அது இறங்கும். கொழுப்பு கூடினாலும் இறங்கும், ஏனென்றால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. கறந்த சூட்டோடு நுரை அடங்காமல் பார்த்தாலும் இறங்கும். அதனால் லாக்டோமீட்டரை மட்டும் வைத்து ஒருவரைத் தண்ணீர் ஊற்றினாள் என்று சொல்வது பாவம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்தச் சொல்லைத் தாங்க மாட்டாமல் மாட்டையே விற்றார்கள். எங்கே, யார் என்று சொல்ல வேண்டியதில்லை. காலைப் பாலைவிட சாயங்காலப் பாலில் கொழுப்பு கூடுதலாக இருப்பதும் மாட்டின் குற்றமோ மனிதரின் குற்றமோ இல்லை. விடியற்காலையிலும் பிற்பகலிலும் பண்ணை எடுப்பதால் ராத்திரி இடைவெளி நீண்டு, காலையில் பால் கூடிக் கொழுப்பு குறைகிறது.

இந்த ரீடிங்குக்கும் வைக்கோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரான சம்பந்தம். மாட்டின் பெருவயிற்றில் நார்ச்சத்து புளித்து உண்டாகும் அமிலத்திலிருந்துதான் பாலின் கொழுப்பில் பெரும்பங்கு உருவாகிறது. வைக்கோலும் தட்டையும் குறைந்து, அந்த இடத்தைத் தீவன மூட்டையால் நிரப்பினால் பால் அளவில் கூடும், கொழுப்பில் இறங்கும். வயிறும் புளித்துக் கெடும். ஆக, கண்மாய்க்கரைப் புல் போய், படப்பு போய், மூட்டையை நம்பி மாடு வளர்க்கிற வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடி. மூட்டைக்கும் காசு கொடுக்கிறாள், மூட்டையால் இறங்கிய கொழுப்புக்கும் விலை குறைகிறது. பண்ணை மெஷினில் 3.4 என்று விழுகிற எண்ணுக்குப் பின்னால் மனை போட்ட புஞ்சை இருக்கிறது.

புல்லுக்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2008-இல் விட்ட கோ-4 என்ற கம்பு நேப்பியர் புல், நல்ல தண்ணீரும் எருவும் இருந்தால் எக்டேருக்கு வருஷத்துக்கு 380 டன் வரை விளையும். சென்ட்டுக்கு வகுத்துப் பார்த்தால் நாளுக்கு நாலு கிலோ சொச்சம். ஐந்தாறு சென்ட் இருந்தால் ஒரு மாட்டுக்கு 20 கிலோ புல் ஓடும். ஏட்டுக் கணக்கு அது. வெயில் காலத்தையும் தண்ணீர் முறையையும் கணக்கில் எடுத்தால் பத்து சென்ட் வைத்துக்கொள்வது நல்லது. அல்லிநகரத்துக்குள் பத்து சென்ட் என்றால் அது இரண்டு வீட்டு மனை. மாட்டுக்குப் புல் போடுகிறேன் என்று யாரும் அதைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் வரப்புக்கும் தென்னை நிழலுக்கும் பேசி நட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்ததில் நட்டமில்லாமல் மாடு வைத்திருக்கிற வீடுகள் பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு தோட்டத்தோடு ஒட்டு வைத்திருப்பவைதான். தோட்டக்காரருக்குச் சாணி, இவர்களுக்குப் புல். பணம் கை மாறுவதில்லை. பள்ளத்தாக்கில் வாழையும் இருக்கிறது. தார் வெட்டிய மரத்தைப் பிளந்து நறுக்கிப் போடலாம். தண்ணீர்தான் அதிகம், சத்து குறைவு, வயிற்றை நிரப்பும். ஆண்டிபட்டிப் பக்கத்துச் சோளத்தட்டையும் மக்காச்சோளத் தட்டையும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மழையில்லாமல் வாடி நிற்கிற இளஞ்சோளத்தில் நஞ்சு ஏறியிருக்கும். அதை மேய்ந்த மாடு வயலிலேயே விழுந்துவிடும். பூ எடுத்த பிறகு அறுத்துப் போட வேண்டும்.

எந்த மாடு நல்லது என்று ஆட்களைப் பேசவிட்டால் பொழுது விடிந்துவிடும். சமவெளிக்கு ஜெர்சி, குளிர்ந்த மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் என்று அரசின் இனப்பெருக்கக் கொள்கை சொல்கிறது. எங்கள் வெயிலுக்கு ஜெர்சி கலப்பு சரியாகத்தான் வருகிறது. சின்ன உடம்பு, குறைந்த தீனி, பாலில் கொழுப்பும் அதிகம். நாட்டு மாட்டுப் பாலுக்கு இப்போது வரும் மதிப்பை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் நாட்டு மாடு பாலுக்கென்று பிறந்ததில்லை. தேனி மலைமாடு காட்டில் மேய்ந்து தொழுவில் அடைகிற மாடு. நாளுக்கு ஒன்று, இரண்டு லிட்டர் கறந்தால் அதிகம், அதுவும் கன்றுக்கே சரியாகிவிடும். அதன் வருமானம் சாணியிலும் கன்றிலும் இருந்தது. அறுத்த வயலில் ராத்திரிக்குக் கிடை அமர்த்தினால் அடுத்த போகத்துக்கு எரு. கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மாட்டுப் பொங்கலன்று கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஊர்கள் மாட்டை என்னவாக நினைத்தன என்று தெரியும். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதற்கும் மேய்ச்சல் தடை விதித்து, சில நாட்களில் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. மலைமாட்டுக்காரர்கள் இழந்த மேய்ச்சல் காட்டில், வீட்டுமாட்டுக்காரர்கள் இழந்த மேய்ச்சல் ஊரில். காட்டில் போனதற்கு வழக்கும் தீர்ப்பும் இருக்கின்றன. ஊரில் போனதற்கு ஒரு தாளில்கூடப் பதிவில்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடுகள் 95 லட்சத்துக்கு மேல், எருமை ஐந்து லட்சம் சொச்சம். மாடு கூடியிருக்கிறது, கூடியதெல்லாம் கலப்பினம். எருமை தேய்ந்துகொண்டே வருகிறது. எருமைக்குக் கொழுப்பு அதிகம், விலையும் அதிகம். ஆனால் கிடந்து புரளக் குட்டை வேண்டும். அல்லிநகரத்தில் எருமை குறைந்ததற்கு நான் வேறு காரணம் தேட மாட்டேன்.

இதுவரைக்கும் சொன்ன கணக்கு எதிலும் வராத ஒன்று வேலை. விடியுமுன் எழுந்து சாணி அள்ளி, கொட்டம் கழுவி, மடியைத் துடைத்துக் கறந்து, பாலைப் பண்ணையில் ஊற்றிவிட்டு வந்து, கழனித்தண்ணியில் புண்ணாக்கும் தவிடும் கலந்து தாழியில் வைத்து, புல்லுக்குப் போய்க் கட்டு சுமந்து வந்து, மத்தியானம் தண்ணி காட்டி, மறுபடி கறந்து, மறுபடி பண்ணைக்கு. நாளுக்கு நாலைந்து மணி நேரம். வருஷத்தில் ஒரு நாள் லீவு கிடையாது. சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போனால் "மாடு இருக்கு" என்று சொல்லிச் சாப்பிட்டதும் கிளம்புகிற பெண்களை நமக்குத் தெரியும். இந்த வேலையை எங்கள் தெருவில் செய்வதெல்லாம் பெண்கள்தான். மாடு வாங்குவதும் விற்பதும், சந்தையில் சுழி பார்ப்பதும் பல் பார்ப்பதும், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் ஆண்கள். பாஸ்புத்தகம் யார் பேரில் இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். என் கருத்தில் கறக்கிற கைக்கே பணம் போக வேண்டும். பால் காசு பெண் கையில் வருகிற வீட்டில் மாடு நீடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வற்றிய காலத்துக்கு அவள்தான் எடுத்து வைக்கிறாள்.

குஜராத்தின் ஆனந்தில் 1946-இல் தொடங்கி, 1970-க்குப் பிறகு வெண்மைப் புரட்சியாக நாடெங்கும் பரவிய கூட்டுறவு முறையின் பெரிய அறம் ஒன்று உண்டு. ஒரு லிட்டர் கொண்டுவருகிறவளிடமும் பால் வாங்கும், அன்றைக்கே அளந்து எழுதும். நியூசிலாந்தில் ஒரு பண்ணைக்குச் சராசரி நானூறு மாடுகளுக்கு மேல். நாம் ஒன்றிலும் இரண்டிலுமாகச் சேர்த்து உலகிலேயே அதிகப் பால் தருகிற நாடாகியிருக்கிறோம். அந்தப் பாலை வாங்க ஊருக்கு ஊர் ஏற்பாடு செய்த நாம், அதே மாடு தின்ன ஊருக்கு ஊர் ஏற்பாடு செய்யவில்லை. மாட்டு விஷயத்தில் எனக்கு உள்ள தீராத குறை இதுதான்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவச ஊசி உண்டு. தவற விடக்கூடாது. 2020-க்குப் பிறகு தமிழ்நாட்டிலும் 2022-இல் நாடெங்கும் பரவிய தோல் கழலை நோயில், உயிர் பிழைத்த மாடுகள் பலவற்றுக்கும் பால் இறங்கியது. ஒற்றை மாட்டுக்காரருக்கு மடிநோய்தான் பெரிய பகை. ஒரு காம்பு போனால் கால் பங்கு பால் போச்சு. கறந்ததும் காம்பின் துவாரம் உடனே மூடாது, அரை மணி நேரமாவது மாடு படுக்காமல் இருக்க வேண்டும். அதனால் கறந்த பிறகு தீனி போட வேண்டும், கறக்கும்போது எல்லாத்தையும் போட்டுத் தீர்க்கக் கூடாது. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறையைத் தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஒழுங்குபடுத்திப் பரப்பினார். தொடக்கத்திலேயே செய்தால் பலன் தருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முற்றிவிட்டால் டாக்டர்தான். கன்று போட்டதும் மாடு எழ முடியாமல் கழுத்தைத் திருப்பிக் கிடந்தால் அது பால்காய்ச்சல், ரத்தத்தில் கால்சியம் இறங்கியது. தள்ளிப்போட்டால் உயிர் போகும். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போட வேண்டும். தேனிக்கே 2020-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வீரபாண்டிப் பக்கம், கூப்பிடு தூரம்.

காளங்கன்று பிறந்தால் வீடு அமைதியாகிவிடுகிறது. உழவுக்கு டிராக்டர், வண்டிக்கு ஆட்டோ. கலப்பினக் காளைக்கு ஊரில் வேலையில்லை. அதற்கு ஊட்டுகிற ஒவ்வொரு லிட்டரும் நட்டம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சீம்பால் குடிக்கிற உரிமை அதற்கும் உண்டு என்று அம்மாச்சி சொல்வாள். நான் அம்மாச்சி பக்கம். கிடேரியாகவே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தூசி இப்போது கிடைக்கிறது. ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு அதை முதலில் கொடுக்கலாம்.

சாணிக்கு மதிப்பு திரும்பியிருக்கிறது. திராட்சைத் தோட்டத்துக்கும் வாழைக்கும் எரு வேண்டும். குப்பைக்குழி வைக்க இடமிருந்தால் வருஷத்துக்கு ஒரு டிராக்டர் லோடாவது போகும். இடமில்லாத வீட்டில் அதே சாணி வம்பு. சாக்கடையில் கழுவி விட்டால் அடைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் நகராட்சிக்கு மனு போடுவார். எரிவாயுக் கலன் வைக்கச் சொல்வார்கள். குடும்ப அளவிலான இரண்டு கனமீட்டர் தீனபந்து கலனுக்கு நாளுக்கு ஐம்பது கிலோ சாணி வேண்டும். ஒரு கலப்பின மாடு போடுவது பதினைந்து கிலோ. மூன்று நாலு வீடு சேர்ந்தால் முடியும். நகர்ப்புறங்களில் கால்நடை வளர்ப்பதைக் கட்டுப்படுத்த 1997-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. தெருவில் திரியும் மாட்டால் விபத்து நடப்பது உண்மை, அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் அல்லிநகரத்தில் நகரத்துக்குள் வந்து யாரும் மாடு கட்டவில்லை. கட்டியிருந்த மாட்டைச் சுற்றி நகரம் வந்தது.

அரசோ நகராட்சியோ ஆவினோ செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், விலையை ஏற்றுங்கள் என்பதோடு நான் நிறுத்த மாட்டேன். கொள்முதல் விலை ஏறினால் கடை விலையும் ஏறும், வாங்கிக் குடிக்கிற ஏழைக்கு அது சுமை. பெரியாற்றுப் பாசன அறுப்பு நேரத்தில் பால்பண்ணையே வயலில் வைக்கோல் வாங்கி, ஒரு கொட்டகையில் அடுக்கி, உறுப்பினருக்கு வருஷம் முழுக்க வாங்கிய விலைக்கே கொடுக்கட்டும். பால் பணத்தில் பிடித்துக்கொள்ளட்டும். தீவன மூட்டையை அப்படிக் கொடுக்க முடிகிறபோது வைக்கோலை ஏன் முடியாது? கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் சீமைக்கருவேலத்தை எடுத்துவிட்டுப் புல்லும் அகத்தியும் வைத்து, அறுத்துக்கொள்ளும் உரிமையை மாடுள்ள பெண்களுக்குக் கொடுக்கலாம். கொழுப்பும் எஸ்.என்.எஃப்-ம் அச்சிட்ட சீட்டு ஒவ்வொரு வேளையும் கைக்கு வர வேண்டும். இறங்கியிருந்தால் ஏன் என்று சொல்லக்கூடிய ஒருவர் வாரத்துக்கு ஒரு நாளாவது பண்ணைக்கு வர வேண்டும்.

என் சித்தி மகள் இன்னும் மாடு வைத்திருக்கிறாள். பழைய மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டியது நான்தான். அன்றைக்குப் பிறந்த கிடேரிக்கு இப்போது ரெண்டு பல். காலையில் கத்தியதைப் பார்த்து சாயங்காலம் சினை ஊசி போடவைத்தாள். ஆடி பத்தாம் தேதி. 21 நாள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள், திரும்பக் கத்தவில்லை. 280 நாள் கணக்கு வைத்தால் சித்திரை பாதிக்கு மேல் ஈனும். வெயில் உச்சத்தில் இருக்கும், கண்மாயில் ஒன்றும் இருக்காது. மாசியில் அறுக்கிற ஒரு வயலில் முந்நூறு கட்டு வைக்கோல் பேசியிருக்கிறாள். எங்கே அடுக்குவது என்று தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.